முதல் பற்று

வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள்,
ஒரு பேரேடு மல்லாந்து கிடக்கிறது.
காலை ஏழரைக்குத் தூசி துடைப்பது என் வேலை.
ஏட்டை அல்ல, கண்ணாடியை.

இரங்கூன், மௌல்மீன், பினாங்கு:
பழுப்பு மையில் ஊர்ப்பெயர்கள்.
விருந்தினர்கள் குனிந்து படம் எடுப்பார்கள்.
யாருடைய வயல் எத்தனை வட்டிக்கு மூழ்கியது என்று
அவர்கள் கேட்பதில்லை,
வழிகாட்டிப் பையன் சொல்வதுமில்லை.
பர்மா தேக்கு என்று தூணைத் தட்டிக் காட்டுவான்.
போனது பணம், திரும்பி வந்தது மரம்.
இடையில் யாரோ அழுதது
எனக்குத் தட்டாமலே கேட்கும்.

ஏனென்றால் நானும் ஒரு பேரேட்டில் இருக்கிறேன்.
செவ்வாய்தோறும் பதினோரு மணிக்கு
பைக்கில் வருகிறவன் அதைத் திறப்பான்.
குழு நாற்பத்தொன்று, உறுப்பினர் மூன்று.
வாங்கியது முப்பதாயிரம்.
கட்டியது தெரியும், மிச்சம் அவனுக்குத்தான் தெரியும்.
இருளாயி ஒரு வாரம்
ஊருணிக் கருவைக்குள் ஒளிந்துகொண்டாள்.
அவள் பங்கையும் ஒன்பது பேர் கட்டினோம்,
திட்டிக்கொண்டே.

இந்த வீட்டில் ஓர் அறைக்கு ஓர் இரவு
ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
என் சம்பளம் மாதம் ஏழாயிரத்து எண்ணூறு.
நீச்சல்குளம் நிரம்பும் சத்தத்தில் ஒருநாள்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
மாதம் முழுக்க உழைத்தால்
இங்கே நாலரை மணிவரை தூங்கலாம்.
பிறகு எழுந்து
படுக்கை உறையை நானே மாற்ற வேண்டும்.

குளத்துக்குத் தண்ணீர் அறுநூறு அடி ஆழத்திலிருந்து.
சாலைக்கு அந்தப்பக்கம் ஊருணி.
நாலு பக்கமும் செம்புறாங்கல் படி,
நடுவில் வெடித்த சேறு, பிரியாணி டப்பா.
வரத்துவாய்க்கால் இருந்த இடத்தில்
எங்கள் ஓட்டலின் கார்கள்.

ஆடியில் கரையானுக்கு மருந்து வைக்கப்
பெட்டியைத் திறந்தார்கள்.
ஏட்டைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னார்கள் என்னை.
புரட்டினேன்.
பிள்ளையார் சுழிக்குக் கீழே
முதல் பற்று யார்பேரில்?
ஊருணி மராமத்து மகமை.
நூற்றுக்குக் கால் ரூபாய்.
லாபத்துக்கு முன்னால், முதலாளிக்கும் முன்னால்.
தர்மம் என்று எழுதவில்லை.
செலவு என்று எழுதியிருந்தது.

அவர்கள் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை.
அந்தக் கால் ரூபாயும்
ஐராவதிக் கரையில் ஒருத்தி கட்டியதாகத்தான் இருக்கும்.
ஆனால் அந்த வார்த்தை,
செலவு,
வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை.

கோனாபட்டு கிராமசபைக்கு
நாகஜோதி மனு எழுதினாள்:
ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு, நூறு ரூபாய்
ஊருணிக் கணக்கில். நன்கொடை அல்ல.
வாய்க்காலை மறித்த கார்கள் வேறிடம் போக வேண்டும்.
மேலாளர் சிரித்தார்.
வீட்டுக்குப் பதினேழு பங்காளிகள்,
இரண்டு பேர் சிங்கப்பூரில், ஒருவர் ஹூஸ்டனில்,
நாலு பேர் கோர்ட்டில்.
எல்லாரும் கையெழுத்துப் போடணும் தாயி.
எங்கள் மனுவில்
இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து,
முப்பத்தெட்டு கைநாட்டு.
பதினேழுக்குக் காத்திருக்கிறது.

அதுவரை,
செவ்வாய்க்காரன் போனபிறகு
ஆளுக்குப் பத்து ரூபாய், நாற்பது பக்க நோட்டில்.
அவசரத்துக்கு எடுத்தால் வட்டி கிடையாது,
தாமதித்தால் ஒருநாள் மண் சுமக்க வேண்டும்.
கருவையில் முதல் வெட்டு இருளாயியுடையது.
உள்ளே போகும் வழி அவளுக்குத்தான் தெரியும்.
கரிமூட்டம் போட்டு விற்ற காசு
நோட்டில் முதல் பக்கத்திலேயே ஏறியது.
சண்டையும் வந்தது. பேச்சியம்மா பேசுவதில்லை இப்போது,
பத்து ரூபாயை மட்டும் மகனிடம் கொடுத்துவிடுகிறாள்.

நேற்று மழை.
தண்ணீர் கார் நிறுத்தும் இடம்வரை வந்து
டயர்களைச் சுற்றிச் சுற்றி நின்றது,
முகவரி விசாரிக்கும் ஆள்போல.

பெட்டியைப் பூட்டிய அன்று
இரங்கூன் பக்கத்தை நான் விரித்து வைக்கவில்லை.
இதுவரை யாரும் கவனிக்கவில்லை.
தினமும் அந்த வரிக்கு நேரே
கொஞ்சம் கூடுதலாக அழுத்தித் துடைக்கிறேன்.